மறு: லண்டன் டெரஸ் வீட்டு முன்சுவரில் ஈரம், ஊசி போடலாமா?

ஊசி போடும் ஆளுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். 1890களில் கட்டிய வீடு, முன்னறைச் சுவரில் முழங்கால் உயரம் ஈரம், துளையிட்டு ரசாயனம் ஏற்றி உள்ளே சிமென்ட் பூசச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தக் காலத்து டெரஸ் வீடுகளில் (நம்மூர் மொட்டை மாடி இல்லை, ஒட்டிக்கட்டிய வரிசை வீடு) நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் அபூர்வம். பெரும்பாலும் 9 அங்குல ஒற்றைச் சுவர்தான். வெளியே ஒரே வரிசையில் செங்கலின் நீளப் பக்கம், குட்டைப் பக்கம் என்று மாறி மாறித் தெரிந்தால் உங்களுடையதும் அதுவே. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மழையில் நனையும், சாந்து வழியாகக் காயும். சிமென்ட் பூசினால் காய வழியில்லை. வெளிப்புற இடுக்குகளிலும் சிமென்ட் அடைத்திருந்தால் ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கி, குளிரில் உறைந்து, செங்கலின் முகமே பெயர்ந்து விழும்.

முதலில் தரையோரம் துளைச் செங்கல்களைத் தேடுங்கள். பலகைத் தரைக்கு அடியில் காற்றுப் போக வைத்தவை. என் வீட்டில் முன்பிருந்தவர் முற்றத்தில் கான்கிரீட் போட்டு அவற்றைப் பாதி புதைத்திருந்தார், புண்ணியவான்! சுவரோரமாக ஒரு முழ அகலம் உடைத்தெடுத்து ஜல்லி கொட்டினேன். அடுத்த கோடைக்குள் சுவர் காய்ந்துவிட்டது. சுவரடியில் மெல்லிய ஸ்லேட் வரி (தரை ஈரம் மேலேறாமல் தடுக்க வைத்த கல் தகடு) தெரிந்தால், வெளித்தரை அதற்கு 15 செ.மீ.யாவது கீழே இருக்க வேண்டும்.

அப்புறம், நல்ல மழையில் குடையோடு வெளியே நின்று மழைக்குழாயைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்கும் அது பொதுவாக இருக்கலாம். ஒழுகினால் அவர்களிடமும் பேச வேண்டிவரும்.