துணையை இழந்த கோழிக்கு உடனே ஜோடி தேட வேண்டாம்

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். ஒரே அடையில் பொரித்த இரண்டு சிறுவிடைக் கோழிகளை நான்கு ஆண்டுகளாகக் கொல்லையில் வளர்த்து வந்தோம். சென்ற வாரம், மாலை வரை வைக்கோல் போரடியில் கிளறிக்கொண்டிருந்த கறுப்புக் கோழி, மறுநாள் காலையில் கூண்டைத் திறந்தபோது கால் விறைத்துக் கிடந்தது. உடலில் காயம் இல்லை. கொண்டை மட்டும் கறுத்திருந்தது. சில நாட்களுக்கு முன் ஓடு கெட்டிப்படாத தோல்முட்டை இட்டிருந்தது. வேப்ப மரத்தடியில் புதைத்துவிட்டோம். மற்ற கோழி கூண்டு வாசலிலேயே நின்று குரல் கொடுக்கிறது; தீவனத்தை இரண்டு கொத்து கொத்திவிட்டு விலகிவிடுகிறது. உடனே இன்னொரு கோழி வாங்கிவிடு என்கிறார் மாமியார். எட்டு வயது மகளின் அழுகை ஓயவில்லை. நான் எதையாவது கவனிக்கத் தவறிவிட்டேனா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கே வருகிறேன். சோர்ந்து நிற்கும் கோழியை மற்ற கோழிகள் கொத்தும், பருந்தும் கீரியும் அதையே குறிவைக்கும் என்பதால், நிற்கவே முடியாத நிலை வரும்வரை கோழி தன் நோயை வெளியே காட்டாது. முதல் நாள் மாலை வரை மேய்ந்த கோழியிடம் நோயைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று உங்களையே நொந்துகொள்வதில் நியாயமில்லை.

காரணம் எது என்று இப்போது உறுதியாகச் சொல்ல இயலாது. இறந்த எந்தக் கோழிக்கும் கொண்டை கறுக்கும் என்பதால் அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். தோல்முட்டை சுண்ணாம்புச் சத்துக் குறைவாலும் வரும், முட்டைப் பாதையின் கோளாறாலும் வரும். வயதான பெட்டைகளுக்கு முட்டை உள்ளே சிக்கிக்கொள்வதும், மஞ்சள்கரு வயிற்றுக்குள் விழுந்து புண்ணாவதும் உயிரைப் பறிக்கக் கூடியவை. இவை அடுத்த கோழிக்குத் தொற்றுவதில்லை. ஆனால் நம் பகுதியில் வேறொரு ஐயமும் எழுகிறது. நடவு முடிந்த வயல்களில் எலிக்கு வைக்கும் ஜிங்க் பாஸ்பைடு கலந்த பொரியையோ அரிசியையோ கோழி கொத்தினால், அது வயிற்று அமிலத்தில் பட்டு நச்சு வாயுவாக மாறி, சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும். அக்கம்பக்கத்து வயல்களில் மருந்து வைத்தார்களா என்று விசாரியுங்கள். தெளிவாகும்வரை கோழியை வரப்புப் பக்கம் விட வேண்டாம்.

மூன்றாவது வாய்ப்பு தொற்றுநோய். அதனால்தான் உங்கள் மாமியாரின் யோசனையைச் சற்றுத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். தனிக்கோழி வாடும் என்பது உண்மை. ஆனால் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழித் தொற்றுநோயின் கிருமி உடலில் புகுந்த பிறகு அறிகுறி தெரிய 2 முதல் 15 நாட்கள் வரை ஆகலாம். நாளையே ஒரு புதுக்கோழியைக் கொண்டுவந்தால், இருக்கும் நோய் அதற்குப் போகவும், சந்தையிலிருந்து அது கொண்டுவரும் நோய் இதற்கு வரவும் வழி திறந்துவிடுகிறோம். 3 வாரம் பொறுங்கள். அதற்குள் பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து திருகுதல், கால் இறக்கை செயலிழத்தல் இவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். கூண்டிலுள்ள பழைய வைக்கோலை அகற்றி எரித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி நல்ல வெயிலில் காயவையுங்கள்.

இந்த 3 வாரமும் உங்கள் கோழிக்கு எப்படிக் கழியும் என்பதே என் கவலையும். கோழிகள் ஒன்றையொன்று கொண்டையையும் முகத்தையும் பார்த்து அடையாளம் வைத்திருப்பவை. குஞ்சாக இருந்த நாள் முதல் இறக்கையோடு இறக்கை உரசி உறங்கிய துணையை அது தேடுகிறது. அந்தக் குரல் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். அதுவரை வீட்டு நடமாட்டம் கண்ணில் படும் இடத்தில், அடுப்படி வாசலிலோ நீங்கள் பாத்திரம் துலக்கும் இடத்திலோ அதை மேயவிடுங்கள். ஊறவைத்த நொய், கம்பு, பொடியாக நறுக்கிய கீரை, கிடைத்தால் கரையான் என்று சிறிது சிறிதாக, ஆள் பக்கத்தில் இருந்து போடுங்கள். தனியாகக் கிடக்கும் தீவனத்தைத் தொடாத கோழி, பக்கத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்து விரலால் தட்டிக் காட்டினால் தின்னத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த வேலையை மகளிடமே ஒப்படைக்கலாம். இறந்த கோழி எங்கோ போயிருக்கிறது, திரும்பி வரும் என்று மட்டும் குழந்தையிடம் சொல்லாதீர்கள். கோழிக்காகவா அழுகை என்று அக்கம்பக்கத்தில் கேட்பவர்கள் கேட்கட்டும். தன் கையில் தின்று வளர்ந்த உயிருக்காகத்தான் அவள் அழுகிறாள். கோழி இரண்டு நாள் முழுவதும் எந்தத் தீவனத்தையும் தொடாவிட்டால் மட்டும் அதைத் துக்கம் என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சில வாரம் முட்டை நின்றுபோனால் அதற்காக அஞ்ச வேண்டாம்.

இனி இப்படி ஒன்று நேர்ந்தால் புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனைக்கு முயலுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் வெயிலில் உடல் விரைவில் கெட்டுவிடும் என்பதால், பாலித்தீன் பையில் கட்டி, பனிக்கட்டி வைத்து அன்றே கொண்டுசெல்ல வேண்டும்.

துணை வாங்கும் நேரம் வரும்போது ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். ஒன்றே வந்தால் பழைய கோழியின் கொத்து முழுவதும் அதன்மேல் விழும். பின்னால் ஒன்றை இழந்தாலும் மற்றது இதே போலத் தனித்து நிற்கும். குஞ்சுகள் வேண்டாம், உருவத்தில் ஈடுகொடுக்கும் விடைக்கோழிகளே, அதாவது வளர்ந்த இளம் பெட்டைகளே ஏற்றவை. சேவல் ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் ஒற்றைப் பெட்டையை ஓயாமல் மிதித்து முதுகு இறகையே உதிர்த்துவிடும். வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போடப்பட்ட கோழிகளாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் பழைய கோழிக்குப் போடாதிருந்தால், அது நலமாக இருக்கும்போது மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். புதியவற்றை இரண்டு வாரமாவது கொல்லையின் மறுகோடியில் வைத்துக் கவனித்துவிட்டு, பிறகு கம்பி வலைக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி சில நாள் வையுங்கள். இரவில் கூண்டில் சேர்த்துவிட்டால் காலையில் சண்டை குறைவாக இருக்கும். யார் மேல், யார் கீழ் என்று தீரும்வரை இரண்டு மூன்று நாள் கொத்திக்கொள்ளத்தான் செய்யும். தீவனத்தையும் தண்ணீரையும் இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, இரத்தம் கண்டால் மட்டும் பிரித்துவிடுங்கள்.