புழுப்பாம்பு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

தொட்டிச்செடி: செடியைத் தொட்டி மாற்றும்போது மண்ணில் கறுப்பாக ஒரு மண்புழு நெளிந்தது. கையில் எடுத்தால் நாக்கை நீட்டுகிறது! மண்புழுவுக்கு நாக்கு உண்டா?

கிடையாது. நீங்கள் எடுத்தது புழுப்பாம்பு. குருட்டுப்பாம்பு என்றும் சொல்வார்கள். மண்புழுவின் உடலில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும், பிசுபிசுக்கும், சுருங்கி நீளும். இதன் உடம்பு முழுக்கச் செதில், எண்ணெய் தடவியது போல மினுக்கும். பெரும்பாலும் ஒரு சாண் நீளம்கூட வராது. தொட்டி மண்ணில் ஒளிந்தே கப்பலேறி, அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களுக்கும் போய்விட்டது. ஆங்கிலத்தில் இதற்குப் ‘பூந்தொட்டிப் பாம்பு’ என்றே ஒரு பெயர் உண்டு.

ஆனால் கையில் எடுத்தீர்களே, அது தப்பு. இன்ன பாம்பு என்று உறுதியாகத் தெரியாதவரை எந்தக் குட்டிப் பாம்பையும் எடுக்காதீர்கள். கண் தெளிவாகத் தெரிகிறது என்றால் அது புழுப்பாம்பே இல்லை.

பயந்தவன்: கடித்தால் விஷம் ஏறுமா?

விஷம் இல்லை. நம்மைக் கடிக்க அதன் வாயும் போதாது. பிடித்தால் வால் நுனியில் இருக்கும் சின்ன முள்ளால் குத்திப் பார்க்கும், நாற்றமாக எதையாவது விடும்.

இரவல் கண்: முழுக்குருடா சார்?

இல்லை. செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும், அவைதான் கண். வெளிச்சமா இருட்டா என்று தெரிந்துகொள்ள அது போதும். மற்றதெல்லாம் மோப்பம்தான்.

புற்று: இவ்வளவு சின்ன வாயை வைத்துக்கொண்டு என்னத்தைத் தின்னும்?

எனக்குப் பிடித்த கேள்வி. எறும்பு, கறையான்களின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும்தான் முக்கியமான சாப்பாடு. எறும்புப் புற்றுக்குள் புகுந்தால் காவல்கார எறும்புகள் சும்மா விடுமா? அதனால் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். மற்ற பாம்புகள் பெரும்பாலும் ஒரே பெரிய இரையை மெதுவாக விழுங்கும். இது அப்படி இல்லை. இந்தக் குடும்பத்துப் பாம்புகளுக்குப் பல் மேல்தாடையில் மட்டும்தான். அந்தத் தாடையெலும்பு தனியாக அசையும். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் முன்னும் பின்னும் ஆடி, வாரியால் குப்பையை இழுப்பது போல இரையை உள்ளே இழுத்துப் போடும். இதன் சொந்தக்காரர்களான நூல்பாம்புகளுக்கு எல்லாம் தலைகீழ். அவற்றுக்குப் பல் கீழ்த்தாடையில், வாருவதும் கீழ்த்தாடைதான். ஒரே வேலைக்கு இரண்டு வீட்டிலும் தனித்தனிக் கருவி!

வளர்ந்த கறையான் கிடைத்தால் சில நேரம் அதைத் தரையில் தேய்த்துத் தலையைக் கழற்றிவிட்டு உடலை மட்டும் தின்னும். தலை சரியாகச் செரிப்பதில்லை.

மல்லிகைப்பந்தல்: அக்கா, ஆண் பாம்பு, பெண் பாம்பு வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் சொல்வது தொட்டியில் வருமே, அந்த இனம் என்றால் கண்டுபிடிக்கவே வேண்டாம். எல்லாம் பெண்தான். குரோமோசோம் இரண்டு தொகுதிக்குப் பதிலாக மூன்று தொகுதி. இணை சேராமலே முட்டையிடும், குஞ்சும் தாயின் நகல். எப்போதும் இப்படியே பெருகும் பாம்பினம் என்று இது ஒன்றுதான் தெரியவந்திருக்கிறது. ஒரே ஒரு பாம்பு கரை இறங்கினாலும் போதும் என்பதால்தான் அவ்வளவு தூரம் பரவ முடிந்தது.

மறுப்பவன்: இது பூநாகம். பூவுக்குள் ஒளிந்திருக்கும், முகர்ந்தாலே ஆள் காலி. விஷமில்லை என்று சொல்லி யாரையும் சாகடிக்காதீர்கள்.

புழுப்பாம்புக்குப் பூவில் ஒரு வேலையும் இல்லை. அந்தப் பெயரில் இருக்கும் ‘பூ’ மலரே இல்லை. பூமி, பூலோகம், பூகம்பத்தில் வரும் பூ. பூநாகம் என்றால் மண்ணின் நாகம். அகராதியைப் புரட்டுங்கள், மண்புழு என்று போட்டிருக்கும். சித்த மருத்துவத்திலும் அதே பொருள்தான்.

மறுப்பவன்: மண்புழுவை யாராவது நாகம் என்பார்களா?

மண்ணில் ஊர்வதற்கு வைத்த பெயர், அவ்வளவுதான். வடமொழியிலிருந்து வந்த சொல். நம் பழைய சொல் நாங்கூழ். பூ என்றதும் மலரை நினைத்து, நாகம் என்றதும் விஷத்தையும் சேர்த்துக்கொண்டோம்.

மறுப்பவன்: பெரியவர்கள் சொன்னது பொய்யா?

பெரியவர்கள்தான் அகராதியும் எழுதினார்கள்.

அவசரம்: மேடம், இது விஷப் பாம்பா?

மேலே பயந்தவனுக்குச் சொன்னது.

இரட்டை: இரண்டு தலை, லட்சக்கணக்கில் விலை போகும் என்கிறார்களே, இதுதானா?

அது மண்ணுளி, வேறு பாம்பு. அதற்கும் ஒரே தலைதான். விற்பனை பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் புழுப்பாம்புக்கும் இந்தப் பெயர் இருந்தது. பாட்ரிக் ரசல் 1796இல் இந்தியப் பாம்புகள் பற்றி வெளியிட்ட நூலில், விசாகப்பட்டினத்தில் கிடைத்த புழுப்பாம்பை ‘இரண்டு தலைப் பாம்பு’ என்ற தெலுங்குப் பெயரோடுதான் பதிந்தார். தலையும் வாலும் ஒரே பருமன், குழம்பத்தான் செய்யும்.

தூக்கமில்லாதவள்: தூங்கும்போது காதுக்குள் போய்விடுமா?

உங்கள் காதில் எறும்புப் புற்று இருக்கிறதா? இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேட்டுவைப்போம்: விஷம் உண்டா?

இல்லை. இல்லை. இல்லை.

கூடு: இதனால் யாருக்காவது பிரயோசனம் உண்டா?

ஆந்தைக்கு உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு சிறு ஆந்தை மற்ற இரையையெல்லாம் கொன்று கூட்டுக்குக் கொண்டுவரும். அங்குள்ள புழுப்பாம்பை (மேலே சொன்ன நூல்பாம்பு வகை) மட்டும் பல நேரம் உயிரோடு கொண்டுவந்து போடும். தப்பிய பாம்பு கூட்டுக் குப்பைக்குள் புகுந்து அங்குள்ள பூச்சிப் புழுக்களைத் தின்னும். 1987இல் வெளியான ஆய்வின்படி, பாம்பு குடியிருந்த கூட்டில் குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன, சாவும் குறைவு.

மறுப்பவன்: இன்று எங்கள் தொட்டியிலேயே ஒன்று கிடைத்தது. பிடித்துப் பார்த்துவிட்டேன். கண்ணும் இல்லை, நாக்கும் இல்லை, நுனியில் ஒரு முள்தான் இருக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

அது வால். அந்தப் பக்கம் பாருங்கள். முதலில் கீழே விடுங்கள்.