வாரன்டியில் டிஸ்க் கிடைக்கும், போட்டோ கிடைக்காது: வாசகர் கேள்வி-பதில்

நம் குமரி மாவட்டத்தில் துலாமழை (வடகிழக்குப் பருவமழை) தொடங்கினால் போதும், இடியும் கரண்ட் கட்டும் வந்து கம்ப்யூட்டர் கேள்விகளும் கூடவே வந்துவிடும். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தம்பி, கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. திடீரென்று ஒருநாள் 'டக் டக்' என்று சத்தம் வந்தது, அதோடு நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, வாரன்டி இருப்பதால் புதியது மாற்றித் தருகிறோம் என்கிறார் கடைக்காரர். மகளின் கல்யாண போட்டோ, நிலப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று டி டிரைவிலும் ஒரு காப்பி போட்டிருந்தேன். அதுவும் போய்விட்டதாம். அது எப்படி? நஷ்டஈடு கேட்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை)

பதில்: டீச்சர், முதலில் அவசர விஷயம். பழைய டிஸ்க் இன்னும் உங்கள் கையில் இருந்தால் கொடுத்துவிடாதீர்கள். வாரன்டியில் மாற்றும்போது பழைய டிஸ்க் கம்பெனிக்குப் போய்விடும், திரும்பி வராது. உள்ளே இருக்கும் போட்டோக்களை மீட்கப் பார்ப்பதா, புது டிஸ்க் போதுமா என்பதை முடிவு செய்த பிறகுதான் அதைக் கையைவிட்டு விட வேண்டும்.

'டக் டக்' சத்தம் என்பது பெரும்பாலும் உள்ளே சுழலும் தட்டின் மேல் நகர்ந்து படித்து எழுதும் முனையான ஹெட் கெட்டுப்போனதன் அடையாளம். அந்த நிலையில் 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று ஆன் செய்கிற ஒவ்வொரு முறையும் தட்டில் கீறல் கூடும். மீட்பு மென்பொருள் எதையும் ஓட்ட வேண்டாம். தெரிந்த பையன் மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்றாலும் விடாதீர்கள். தூசி புகாத அறையில் மட்டுமே அதைத் திறக்கலாம். டேட்டா மீட்பு நிலையங்கள் பெரிய நகரங்களில் இருக்கின்றன. பார்ப்பதற்கு எவ்வளவு, மீட்டால் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு அனுப்புங்கள். வெளியே கொடுத்துத் திறந்தால் வாரன்டி போகுமா என்பதையும் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செலவு சில ஆயிரங்களோடு நிற்காமல் போகலாம். அதனால் வேறு வழிகளையும் பாருங்கள். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். கல்யாண போட்டோவுக்கு ஸ்டூடியோவில் கேட்டுப் பாருங்கள், பழைய வேலைகளைச் சேமித்து வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர்கள் உண்டு.

டி டிரைவ் விஷயம் உங்கள் ஒருவருக்கு மட்டுமான குழப்பம் அல்ல. பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி, இ எல்லாம் ஒரே டிஸ்க்கில் கோடு போட்டுப் பிரித்தவைதான். ஒரே பீரோவின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் நகல் வைத்த மாதிரி. விண்டோஸ் கெட்டு சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்யும்போது டி டிரைவ் தப்பும். அதைப் பார்த்துத்தான் 'டி-யில் போட்டால் பத்திரம்' என்ற நம்பிக்கை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. டிஸ்க்கே செத்தால் எல்லாமே போய்விடும்.

நஷ்டஈடு பற்றி நேராகச் சொல்கிறேன். வாரன்டி என்பது பொருளுக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் டேட்டாவுக்குப் பொறுப்பல்ல என்று எல்லாக் கம்பெனியும் விதிமுறையில் எழுதியே வைத்திருக்கிறது. டிஸ்க் தானாகக் கெட்டதற்காகப் போட்டோவுக்கு ஈடு கேட்டால் நிற்பது கடினம். ஆனால் நல்ல நிலையில் இருந்த டிஸ்க்கை, உங்களிடம் கேட்காமலே சர்வீஸ் செய்தவர் அழித்துவிட்டார் என்றால் கதை வேறு. அது சேவைக் குறைபாடு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். பல பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் கையில் பில்லும் ஜாப் கார்டும் (சர்வீசுக்குக் கொடுக்கும்போது எழுதித் தரும் சீட்டு) வேண்டும். சர்வீசுக்குக் கொடுக்கும்போது "டேட்டா வேணுமா?" என்று கவுன்டரில் அவசரமாக ஒரு கேள்வி வரும். என்னவென்று புரியாமல் தலையாட்டினால் முடிந்தது. 'டேட்டா வேண்டும், ஃபார்மட் செய்யுமுன் போன் செய்யவும்' என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லி, அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேலுக்கு: 1 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். விண்டோசில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்ற வசதி இருக்கிறது, தனியாகப் பணம் கட்ட வேண்டாம். டிஸ்க்கைச் செருகி அதை ஆன் செய்தால் உங்கள் டாக்குமென்ட், படங்களை அதுவே காப்பி எடுக்கும். முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இடி விழுந்தாலும் இரண்டும் ஒன்றாகப் போகும். நல்ல போட்டோக்களை மட்டும் இன்னொரு காப்பி எடுத்து மகள் வீட்டில் கொடுத்து வையுங்கள். மூன்று காப்பி, இரண்டு வேறு சாதனம், ஒன்று வேறு இடம் என்று தொழில்நுட்பக்காரர்கள் சொல்லும் கணக்கு இதுதான்.

கூகுள் டிரைவில் 15 ஜி.பி., ஒன்டிரைவில் 5 ஜி.பி. இலவசம். பத்திர ஸ்கேனுக்கு அது தாராளம். ஆனால் அது சிங்க் ஆகும் இடம். இங்கே தெரியாமல் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் சில நாள் கிடக்கும், அவ்வளவுதான். ஆகவே அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கேள்வி: அண்ணாச்சி, தேன் வியாபாரம் செய்கிறேன். டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. யூ.பி.எஸ். தனியாக வாங்கணுமா? கடையில் 600 வி.ஏ., 1000 வி.ஏ. என்கிறார்கள். (மார்த்தாண்டம்)

பதில்: கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தன்னிடம் மிச்சமிருக்கும் மின்சாரத்தில் சுமார் 16 மில்லி வினாடிதான் தாக்குப்பிடிக்கும். உங்கள் இன்வெர்ட்டர் அதற்குள் மாறவில்லை. ஃபேனுக்கு அந்த இடைவெளி தெரியவே தெரியாது. இன்வெர்ட்டரின் பின்புறமோ முன்புறமோ 'யூ.பி.எஸ். மோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைப் போட்டுவிட்டுச் சோதித்துப் பாருங்கள். காசு செலவில்லாமல் பிரச்சினை தீரலாம். உங்களுடையது மின்சாரத்தைச் சீரான அலையாகத் தராத பழைய ஸ்கொயர் வேவ் வகை என்றால் சில பவர் சப்ளைகள் அதோடு ஒத்துப்போகாது.

தீரவில்லையென்றால் 600 வி.ஏ. போதும் (வி.ஏ. என்பது யூ.பி.எஸ். தாங்கும் சுமையின் அளவு). சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 100 முதல் 150 வாட்தான் இழுக்கும். 600 வி.ஏ. யூ.பி.எஸ். சுமார் 360 வாட் வரை தாங்கும். பத்துப் பதினைந்து நிமிஷம் கிடைத்தால் டாலியை மூடி, பேக்கப் எடுத்து, ஷட் டவுன் செய்ய நேரம் தாராளம். யூ.பி.எஸ்.ஸை வைத்து வேலை செய்யப் பார்க்காதீர்கள், அது ஒழுங்காக மூடுவதற்கு மட்டும். லேசர் பிரின்டரை அதில் செருகாதீர்கள், சூடாகும்போது ஒரேயடியாக இழுக்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். பேட்டரிக்கு எவ்வளவு வாரன்டி என்று தனியாகக் கேளுங்கள். 'யூ.பி.எஸ். சரியில்லை' என்று வீசுகிறவர்கள் பலரும் வீசியது பேட்டரி மட்டும் போன நல்ல சாமானைத்தான். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம், பேட்டரி உள்ளேயே இருக்கிறது.

இடிக்கு யூ.பி.எஸ். மருந்து அல்ல. பக்கத்தில் இடி விழுந்தால் அது வழியாகவே ஏறிவரும். நம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையிலும் கோடை மழையிலும் மாலையில்தான் அதிகம் இடிக்கும். வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இன்டர்நெட் மோடத்தின் அடாப்டரையும் லேன் கேபிளையும் சேர்த்து எடுங்கள். ஃபைபர் கேபிள் கண்ணாடி, அது மின்சாரம் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் கடத்தும், அங்கிருந்து லேன் வயர் வழியாக மதர்போர்டுக்குப் போய்விடும். மின்சாரம் திடீரென்று எகிறும்போது காக்கும் ஸ்பைக் கார்டு வாங்கியும் பயன் இல்லை என்பவர்கள் வீட்டு எர்த்தைச் சோதித்துப் பாருங்கள். எர்த் இல்லாத வீட்டில் அது கிட்டத்தட்ட வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ரப்பரும் தென்னையும் லைன் மேல் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த மாதிரி நேரத்தில் இன்வெர்ட்டரும் கைகொடுக்காது. டாலி பேக்கப் ஒரு பென் டிரைவில் பையில் இருந்தால் வேறு கம்ப்யூட்டரில் கணக்கைத் திறக்கலாம்.

கேள்வி: சார், வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து வாங்கி வந்த லேப்டாப். சர்வீஸ் செய்த பிறகு நீலத் திரையில் 48 எண் கொண்ட ரெகவரி கீ கேட்கிறது. ஃபார்மட் செய்தால்தான் திறக்கும் என்கிறார்கள். (குளச்சல்)

பதில்: உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். இப்போது வருகிற பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு முதன்முதலில் திறந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டு போட்டுக்கொள்கிறது, அந்தப் பூட்டின் பெயர் பிட்லாக்கர். மதர்போர்டு மாற்றினாலோ, ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாசில் ஏதாவது திருத்தினாலோ, இது வேறு மெஷினோ என்று சந்தேகப்பட்டுக் கீ கேட்கும். அந்தக் கீ, முதலில் லேப்டாப்பைத் திறந்தபோது கொடுத்த மின்னஞ்சலின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அனேகமாக அது உங்கள் கணவருடையது. அவர் போனிலேயே அந்தக் கணக்கில் நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் பிட்லாக்கர் கீயைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்தோடு ஒத்துப்போவதை எடுக்க வேண்டும். கிடைத்தால் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். எங்குமே கிடைக்கவில்லை என்றால் மட்டும்தான் ஃபார்மட். அப்போது டேட்டா போனது போனதுதான், மைக்ரோசாஃப்ட்டே நினைத்தாலும் திறக்க முடியாது.

இன்னொன்று. வெளிநாட்டில் வாங்கிய லேப்டாப்பின் வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். அடுத்த தடவை வாங்குமுன் சீரியல் நம்பரை வைத்துக் கம்பெனி இணையதளத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 செத்துவிட்டது, புதுக் கம்ப்யூட்டர் வாங்கித்தான் ஆகணும் என்கிறார்கள். நிஜமா? (கருங்கல்)

பதில்: பாதி நிஜம். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது, ஆனால் புதிய ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் வராது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்சை பேக்கப் செய்தால் இலவசமாகவே சேரலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு வரும்.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை பிராசசரிலிருந்துதான். உங்களுடையது அதற்குத் தகுந்ததா என்று மைக்ரோசாஃப்ட்டின் 'பி.சி. ஹெல்த் செக்' சொல்லிவிடும். தகுதி இருந்தால் மாற்றம் இலவசம், கடைக்காரருக்குக் கூலி மட்டும். தகுதி இல்லாத மெஷினில் பிரவுசரும் கடிதம் தட்டச்சும் மட்டும்தான் வேலை என்றால் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம், காசு வேண்டாம். எதைச் செய்தாலும் பேக்கப் எடுத்த பிறகு செய்யுங்கள்.

கேள்வி: கடல் பக்கம் வீடு. மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்துகிறது, திரை வரவில்லை. (முட்டம்)

பதில்: உப்புக் காற்று. ரேம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) குச்சியின் கால்களில் களிம்பு பிடித்தால் இப்படிக் கத்தும். பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, அந்தப் பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைக்காரரும் முதலில் இதைத்தான் செய்வார். அதற்குள் மதர்போர்டு போச்சு என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள். ஜன்னலோரத்திலிருந்து தள்ளி வையுங்கள். வாரக்கணக்கில் அணைத்துப் போடாமல் இடைக்கிடை ஆன் செய்யுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் வற்றும். பின்பக்கத்தில் மூடித்தகடு போன ஓட்டைகளைத் திறந்தபடி விட்டால் எறும்பும் பல்லியும் குடியேறிவிடும்.

கேள்வி: ஆன்டிவைரஸ் மூன்று வருஷப் பேக் வாங்கச் சொல்கிறார்கள். வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணுக்குப் போன் செய் என்றும் திரையில் வருகிறது. (நாகர்கோவில்)

பதில்: திரையில் வந்தது திருட்டு வேலை. பிரவுசரை மூடுங்கள், மூடவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த எண்ணை அழைக்காதீர்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ஆன்டிவைரசைப் பொறுத்தவரை, விண்டோசோடு வரும் டிஃபெண்டரும் ஒழுங்கான அப்டேட்டும் வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். திருட்டுச் சாஃப்ட்வேரை கிராக் செய்து போடும் பழக்கம் இருந்தால் எந்த மூன்று வருஷப் பேக்கும் காப்பாற்றாது. ரான்சம்வேர் வீட்டுக்குள் வரும் முக்கியமான வாசல்களில் அதுவும் ஒன்று.

கேள்வி: ஆன்லைனில் 2 டெராபைட் பென் டிரைவ் 599 ரூபாய். வாங்கலாமா? (குலசேகரம்)

பதில்: வேண்டாம். உள்ளே இருப்பது சில ஜி.பி. சிப், 2 டெராபைட் என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். காப்பி ஆகும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். கோப்பின் பெயர்கூட இருக்கும், திறந்தால்தான் திறக்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மை அளவைக் காட்டிவிடும். அந்தத் திரையைப் படமெடுத்து, ரிட்டர்ன் தேதி முடியுமுன் திருப்பி அனுப்புங்கள். வாங்க மறுத்தால் ஆர்டர் எண்ணோடு 1915.