பழைய ஆம்னி தண்ணீர் குடிக்கிறது, ஹெட்டைக் கழற்றச் சொல்கிறார்கள்

கேள்வி: எனக்கு உச்சிப்புளி. 2008 மாடல் ஆம்னி வைத்திருக்கிறேன், பெட்ரோல் வண்டி. விடியற்காலையில் பாம்பனில் மீன் எடுத்து ராமநாதபுரம் மார்க்கெட்டில் இறக்குவதுதான் பிழைப்பு. ஒரு மாதமாகத் தினமும் ரேடியேட்டரில் அரை லிட்டர் குறைகிறது. ஒரு பட்டறையில் வாட்டர் பம்ப் மாற்றி 4,500 ரூபாய் ஜிபேயில் வாங்கினார்கள், பில் தரவில்லை. பத்தே நாளில் மறுபடியும் அதே கதை. போய்க் கேட்டால், “பழைய வண்டிக்கெல்லாம் கேரண்டி கிடையாது, ஹெட் கேஸ்கட் போயிருக்கும், 15,000 ஆகும்” என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் மஞ்சள்பொடி போட்டுப் பார் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றக் கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. அந்த மூடிக்கு அடியில் கசியாமல் அடைத்து வைக்கும் தகடுதான் கேஸ்கட். “போயிருக்கிறது” என்று காட்டிவிட்டுக் கேட்டால் கொடுக்கலாம், “போயிருக்கும்” என்ற ஊகத்துக்கு 15,000 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று நீங்களே பாருங்கள். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள், காலையில் ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். ஆம்னிக்கு எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தானே, சீட்டைத் தூக்கி டார்ச் அடித்து ஹோஸ் மாட்டியிருக்கும் இடங்களைப் பாருங்கள். கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) கசிந்து காய்ந்த இடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்த மாதிரி ஒரு பொருக்கு இருக்கும், அதுதான் வழி. நம் பக்கம் உப்புக்காற்றில் ஹோஸ் கிளிப் துருப்பிடித்துத் தளர்வது சாதாரணம். ரேடியேட்டர் தகடுகளை விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் ரேடியேட்டரே அரித்துப்போய்விட்டது.

வாட்டர் பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று உண்டு. அதன் வழியாகச் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம், புதுப் பம்பில் சொட்டினால் அது பட்டறைக்காரர் பொறுப்பு.

பலர் கவனிக்காத ஒன்று ரேடியேட்டர் மூடி. மேலே 0.9, 1.1 என்று ஒரு எண் இருக்கும், அந்த அளவு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் இறுகி, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் ரிசர்வ் டேங்க் வழியாகத் தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும், தரையில் பெரிதாக ஈரமும் தெரியாது. அதே எண் போட்ட புது மூடி வாங்கி மாட்டுங்கள், இருப்பதிலேயே மலிவான வேலை இதுதான். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

இதிலும் தெரியாவிட்டால் பிரஷர் டெஸ்ட் செய்யும் பட்டறையாகப் பார்த்துப் போங்கள். ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றுவார்கள், முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, ஒழுகும் இடமும் கண்ணில் படும். கேஸ்கட் சந்தேகத்துக்குத் தனிச் சோதனை உண்டு: ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை நீலத் திரவம் வழியாக இழுப்பார்கள், எஞ்சின் புகை கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகிவிடும். ஆயில் வெண்மையாகப் பால் கலந்த காபி மாதிரி இருப்பது, வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, இதெல்லாம் கேஸ்கட்டுக்கு அடையாளம். எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீர் குறைவதை மட்டும் வைத்துக் கேஸ்கட் என்று சொல்ல முடியாது.

ஆனால் தினமும் ஊற்றி ஊற்றி ஓட்டுவதும் ஆபத்து. ஒருநாள் ஹீட் முள் ஏறியதைக் கவனிக்காமல் பாம்பன் பாலத்தைத் தாண்டி ஓட்டினால் ஹெட் வளைந்து, இன்று இல்லாத கேஸ்கட் செலவு அன்று நிஜமாகவே வந்துவிடும்.

மஞ்சள்பொடி வேண்டாம். ஊசித்துளையை அடைக்கும் என்பது உண்மைதான், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். கடையில் விற்கும் லீக் அடைப்பானும் அப்படித்தான், நடுவழியில் வீடு வந்து சேர மட்டும் சரி.

அப்புறம் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? உச்சிப்புளி, மண்டபம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உவர். அதை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து அலுமினியத்தை அரிக்கும், புது ரேடியேட்டர் போட்டாலும் நிற்காது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கேனை வாங்கும்போது கலக்க வேண்டியதா, அப்படியே ஊற்றுவதா என்று படித்துப் பாருங்கள். கலக்க வேண்டியது ஒரு லிட்டர் வாங்கினால் இரண்டு லிட்டர் ஆகும், அதை வைத்து விலையைக் கணக்குப் போடுங்கள். வடித்த பழைய கூலன்டைத் திறந்த சட்டியில் விடாதீர்கள், இனிப்பாக இருப்பதால் ஆடும் நாயும் குடித்துச் செத்துவிடும்.

இனி அந்த 4,500 ரூபாய். வண்டி பழையது என்பதால் செய்த வேலைக்குப் பொறுப்பில்லை என்று ஆகாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். மீன் வியாபாரத்துக்கு ஓடும் வண்டி என்று தயங்க வேண்டாம், சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரையும் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. ஜிபே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வாட்ஸ்அப்பில் பில்லும் கழற்றிய பழைய பம்பும் கேட்டு எழுதுங்கள், எழுத்தில் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பிரஷர் டெஸ்டில் பம்ப்தான் ஒழுகுகிறது என்று தெரிந்தால் அங்கேயே போட்டோ எடுத்து, டெஸ்ட் செய்தவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு பழைய பட்டறைக்குப் போங்கள். முதலில் பம்பை இலவசமாகச் சரிசெய்து தரச் சொல்லுங்கள், மறுத்தால் பணத்தைக் கேளுங்கள்.