ஒன்பது நாளில் நிறுத்தாதீர்கள்

மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் மாத்திரை போட்டு ஒன்பது நாளாகியும் மனம் தேறவில்லை, குமட்டல்தான் வருகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். ஐம்பது மில்லிகிராம் செர்ட்ராலின் ஒன்பது நாளில் மனத்தைத் தேற்றாது. மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் சில நாளிலேயே கூடத் தொடங்கும். அதற்கேற்ப நரம்புகள் பழகி, மனம் தெளிய 2 முதல் 6 வாரம் ஆகும். குமட்டல்தான் முந்திக்கொண்டு வரும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணியும்.

விடியற்காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். குமட்டலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒரு வாரம் காலைப் பசியாறிய பிறகு போட்டுப் பாருங்கள், தினமும் ஒரே நேரத்தில்.

சுங்கை சிப்புட் மருந்துக் கடையில் வாங்கும் இருமல் மருந்துப் போத்தலையும் திருப்பிப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோமெதோர்பான் என்றிருந்தால் ஓரமாக வையுங்கள். டிராமடோல் வலி மாத்திரையும் அப்படியே. செர்ட்ராலினோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறலாம். செம்பனைக் குலை தூக்கி முதுகு வலித்தால், பக்கத்து வீட்டுக்காரர் நீட்டும் மாத்திரை வேண்டாம். (நம் தோட்டங்களில் ஆளுக்கொரு வைத்தியர்!) பாரசெட்டமால் போதும்.

கடும் நடுக்கம், காய்ச்சல், குழப்பம், உயிரை விடும் எண்ணம், இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை, முடியாவிட்டால் மலேசிய அவசர எண் 999. பின்னால் நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான்.