அவசர கருத்தடைக் குளிசையை எத்தனை மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும்?

பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகோ, ஆணுறை கிழிந்துபோனாலோ, கர்ப்பம் தங்காமலிருக்க எடுப்பதுதான் அவசர கருத்தடைக் குளிசை. கொழும்பு பாமசிகளில் 'போஸ்டினோர்' என்று கேட்டு வாங்குவது இதைத்தான். உள்ளே இருப்பது லெவோனோர்ஜெஸ்ட்ரெல் என்ற ஹோர்மோன். 72 மணித்தியாலம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் கிடக்குதே" என்று இருந்துவிடாதீர்கள். முதல் நாளே எடுப்பதுதான் கெட்டித்தனம்.

ஏன்? விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடிருக்கும். அவற்றை வெள்ளவத்தை ஸ்டேஷனில் காத்து நிற்கும் பயணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டைதான் ரயில். குளிசை பயணிகளை விரட்டுவதில்லை. ரயிலைக் கோட்டை ஸ்டேஷனிலேயே மறித்து வைக்கிறது. நின்று நின்று பயணிகள் களைத்துப்போவார்கள். ரயில் வெளிக்கிட்டுவிட்டாலோ, சிக்னல் போட்டும் பயனில்லை. அது எந்த நேரம் வெளிக்கிடும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் இந்த அவசரம். இன்னொன்று, மறித்த ரயில் பிறகு வரத்தான் செய்யும்; அதற்குள் புதுப் பயணி வந்து நின்றால் பழைய குளிசை பொறுப்பில்லை.

விழுங்கி 3 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு குளிசை தேவை. காசநோய், வலிப்பு மருந்துகள் சில இதன் பலனைக் குறைக்கும். பாமசியில் சொல்லுங்கள் (வெட்கம் பார்க்கிற இடமில்லை). மாதவிடாய் ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். 5 நாளுக்குள் வைத்தியரிடம் கருப்பைக்குள் போடும் செப்பு லூப் இதைவிட உறுதியானது.

கருவைக் கலைக்கும் குளிசை இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே தங்கிய கருவை இது ஒன்றும் செய்யாது.