கோடையில் நீர்ப்பூச்சிகள் குறைந்தால் ஓடை கெட்டுவிட்டதா?

கேள்வி: வசந்தத்தில் எங்கள் ஓடையில் மாதிரி எடுத்தபோது மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ்ஃபிளை மூன்றிலும் சேர்த்து 12 குடும்பங்கள் (நெருங்கிய இனங்களின் தொகுதிகள்) கிடைத்தன. கோடை முடிவில் அதே இடத்தில் 7 தான். மாசு கலந்திருக்குமா?

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். இந்த மூன்று வகைகளும் நீரில் வளர்ந்து, இறக்கை முளைத்ததும் வெளியேறிவிடும். அடுத்த தலைமுறை அப்போது முட்டையாகவோ, 500 மைக்ரான் வலைக்கண்ணில் நழுவிவிடும் அளவு பொடியாகவோ இருக்கும். ஓடையில் இருந்தும், நீங்கள் மாதிரியைப் பிரித்துப் பார்க்கும் தட்டுக்கு வராது. கரையோரக் கற்களில் அவை உரித்துப்போட்ட தோல்கள் ஒட்டியிருந்தால், வெளியேற்றம் நடந்ததற்கு அது நல்ல அடையாளம்.

எத்தனை குறைந்தன என்பதைவிட எவை குறைந்தன என்பதே முக்கியம். ஆம்ஃபிபாட் (இறால் போன்ற சிறு நீருயிரி), தட்டைப்புழு, நத்தை ஆகியவை பறந்து போவதில்லை. இவை பழையபடி இருந்து இறக்கைப் பூச்சிகள் மட்டும் குறைந்தால், பெரும்பாலும் பருவம்தான் காரணம். பூச்சிகளோடு ஆம்ஃபிபாட்டும் மறைந்து நத்தை மட்டும் மிஞ்சினால் பூச்சிக்கொல்லியைச் சந்தேகியுங்கள். அது பூச்சி, ஆம்ஃபிபாட் போன்ற கணுக்காலிகளைத் தாக்கும் அளவுக்கு நத்தையைத் தாக்குவதில்லை. சிவப்பு இரத்தப்புழுவும் டியூபிஃபெக்ஸ் புழுவும் பெருகியிருந்தால் கழிவுநீரைத் தேடுங்கள்.

அதே சமயம், கோடை மாதிரியைப் பயனற்றது என்று ஒதுக்கவும் கூடாது. 10 டிகிரி செல்சியஸ் நீர் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் அது சுமார் 8.3 ஆகிவிடும். நீரோட்டமும் மெலிவதால் அதே அளவு கழிவு கூடுதல் அடர்த்தியோடு தாக்கும். வசந்தத்தில் மறைந்திருக்கும் பாதிப்பு இப்போது வெளிப்படலாம். ஆக்சிஜனை விடியலுக்குச் சற்று முன் அளந்து பாருங்கள். இரவெல்லாம் பாசி சுவாசித்து, அந்நேரத்தில்தான் அளவு அடிமட்டத்தில் இருக்கும். நண்பகல் அளவை நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

அடித்தளக் கற்களைப் புரட்டும் வெள்ளம் வந்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம் பொறுத்து மாதிரி எடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளம் அடித்துச் சென்றதைத்தான் அளப்பீர்கள். இலையுதிர் காலத்தில் இன்னொரு சிக்கல்: இலைக்குவியலில் இலை தின்னும் பூச்சிகள் மொய்க்கும். ஒருமுறை குவியலில் வலை போட்டு, மறுமுறை வெறும் கல்லில் போட்டால் ஒப்பீடே கெட்டுவிடும்.

ஒப்பீடு வசந்தத்துக்கு வசந்தம், கோடைக்குக் கோடை என்றே இருக்கட்டும். அதே சலசலப்புப் பகுதி (கற்கள் மேல் நீர் வேகமாக ஓடும் இடம்), அதே வலை, அதே 3 நிமிட உதைப்பு (காலால் அடிக்கற்களைக் கிளறி, மிதந்து வருவதை வலையில் பிடிப்பது). ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, ஆழம், கடைசிப் பெருமழை பெய்த நாள் மூன்றையும் குறித்துவையுங்கள். மாசைத் தாங்காத குடும்பங்களுக்குக் கூடுதலாக, 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் முறையைப் பின்பற்றினால் மொத்தத்தோடு சராசரியையும் கணக்கிடுங்கள். சராசரி பருவத்தால் அவ்வளவாக ஆடாது.

உங்கள் பட்டியலில் ஆம்ஃபிபாட் இன்னும் இருந்தால் அடுத்த வசந்தம்வரை பொறுக்கலாம். அதுவும் காணாமல் போயிருந்தால் காத்திருக்க வேண்டாம்: இந்த வாரமே மேல்நோக்கி நடந்து, ஓடையில் கலக்கும் ஒவ்வொரு குழாய்க்கும் கால்வாய்க்கும் மேலும் கீழும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள்.